என் பங்கு கெட்டி!

சுனைமேட்டுக் குளத்தங்கரையில் நின்று காட்டெருமை வீராயி ஒரு கத்து கத்தினால், எதிர்மலைக் குரங்கின் கையில் இருக்கிற பழம் நழுவிக் கீழே விழும். அப்படி ஒரு தொண்டை!

அந்தத் தொண்டையை நம்பித்தான் கரை வேலைக்கு வீராயியைத் தலைவியாக வைத்திருந்தன விலங்குகள்.

போன வருஷம் ஐப்பசி மழையில் குளத்தங்கரை உடைந்துபோனது. குளத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரே பகலில் பள்ளத்தில் இறங்கி ஓடிவிட்டது. அடுத்து வந்த கோடையில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று மலை தாண்டி ஆற்றுக்கு நடந்தன எல்லாம். நடந்தவற்றில் சில திரும்பி வரவே இல்லை. அந்தக் கோடையைப் பற்றிப் பேச இன்றைக்கும் அங்கே யாருக்கும் வாய் வராது.

இந்த வருஷமும் கரை உடைந்தால் காட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அதனால் புரட்டாசி பிறந்ததுமே எல்லாம் மண் சுமக்க ஆரம்பித்துவிட்டன.

கரை வேலைக்கு அங்கே ஒரு முறை உண்டு. கரையை வீராயியின் வாலால் அளந்து பங்கு பிரிப்பதுதான் அது. முள்ளம்பன்றி மாசிலாமணிக்கு ஏழு வால் நீளம். நீர்நாய் அலமேலுவுக்கு ஐந்து. கீரி பரஞ்சோதிக்கு நாலு. நண்டு சடையனுக்கு ஒரே ஒரு வால். வீராயிக்கும் மானுக்கும் முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் உடம்புக்குத் தக்கபடி மற்ற இடங்கள். அவரவர் பங்கில் அவரவர்தான் மண் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும்.

பொழுது சாயும்போது ஒவ்வொன்றும் தன் பங்கின்மேல் ஏறி நிற்கும். ஒரு முனையிலிருந்து குரல் கிளம்பும்.

"என் பங்கு கெட்டி!"

"என் பங்கும் கெட்டி!"

"எனக்கும் கெட்டிதான்!"

குரல் மறுமுனையைத் தொட்டதும் வீராயி தலையை ஆட்டும். அதோடு அன்றைய வேலை முடிந்தது.

ஒருநாள் கீரி பரஞ்சோதி மட்டும் கொஞ்சம் தயங்கியது.

"அக்கா, என் பங்குல லேசா ஈரம் தெரியுது. எங்கேயிருந்து வருதுன்னு புரியல."

வந்ததே கோபம் வீராயிக்கு!

"ஈரமா? நாலு வால் கரையைக் கெட்டியா வெக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் ஒரு மீசை! எல்லாரும் இங்க வாங்க! நம்ம பரஞ்சோதி கட்டின கரையை வந்து பாருங்க!"

எல்லாம் வந்து பார்த்தன. கொஞ்சம் சிரித்தன. பரஞ்சோதி தன் வாலையே பார்த்துக்கொண்டு நின்றது.

அன்றிலிருந்து யார் பங்கிலும் ஈரமே இல்லை! தினமும் மாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாம் கெட்டி, கெட்டி, கெட்டி! ஒரே அதட்டலில் இவ்வளவு நல்ல கரை அமைந்த காட்டை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

வீராயிக்குத் தொண்டைதான் பெரிதே தவிர, மண்டை காலி கிடையாது. தான் கிட்டே போனால் பேச்சு நிற்பதை அது கவனித்தது. சிரித்துக்கொண்டிருந்த முயல்கள் திடீரென்று மும்முரமாக மண்ணைத் தட்டின. கேள்வி கேட்டால் எல்லாம் ஒரே பதிலைத் தந்தன.

"அலமேலு! நான் வந்தா ஏன் எல்லாம் வாயை மூடிக்குது?" என்று நீர்நாயைப் பிடித்துக் கேட்டது வீராயி.

"அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லக்கா!" என்று சொல்லிவிட்டு அலமேலு சட்டென்று தண்ணீரில் முங்கிவிட்டது. வெகுநேரம் தலையை வெளியே நீட்டவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சொக்கன் வந்து சேர்ந்தது.

சொக்கன் ஒரு கிளி. சாதாரணக் கிளி இல்லை, படித்த கிளி! பட்டணத்தில் ஒரு கம்பெனியின் பயிற்சிக் கூடத்து ஜன்னலில், கூண்டுக்குள் இரண்டு வருஷம் இருந்தது. அதிகாரிகளுக்கு அங்கே நடந்த மனோதத்துவ வகுப்புகளை எல்லாம் காதால் கேட்டது. ஒருநாள் கூண்டுக் கதவு திறந்திருக்க, படிப்போடு பறந்து வந்துவிட்டது.

"வீராயிக்கா! உங்க பிரச்சினை ரொம்பச் சின்னது!" என்றது சொக்கன், மருதமரக் கிளையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "கத்தினா காரியம் ஆகாது. மனசைப் புடிக்கணும். அதுக்கு மூணே வித்தை!"

"சொல்லு, சொல்லு!"

"ஒண்ணு. எதிர்ல இருக்கறவங்க பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லணும். அவங்க பேரு அவங்களுக்குத் தேன்!"

"சரி."

"ரெண்டு. அவங்க எப்படி நிக்கிறாங்களோ, எப்படி நடக்கிறாங்களோ, அதே மாதிரி நீங்களும் செய்யணும். நம்ம ஆளுன்னு மனசு ஒட்டிக்கும்!"

"ம்."

"மூணாவதுதான் முக்கியம். குறையை நேராச் சொல்லக் கூடாது. முதல்ல ஒரு புகழ்ச்சி. அப்புறம் குறை. மறுபடி ஒரு புகழ்ச்சி. வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி! வலியே தெரியாது!"

வீராயி மூன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது. சொக்கனுக்குக் கூலியாகத் தினம் நாலு கொய்யாப்பழம் என்று பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை வித்தை ஆரம்பமானது. முதல் ஆள் பரஞ்சோதி.

"பரஞ்சோதி! பரஞ்சோதி! பரஞ்சோதி!" என்றது வீராயி.

பரஞ்சோதி மூன்று முறை திடுக்கிட்டது. என்ன ஆபத்தோ என்று பின்னங்காலில் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தது.

அது நிற்பதுபோலவே நிற்க வேண்டுமே! வீராயியும் முன்னங்கால்களைத் தூக்கியது. அவ்வளவு பெரிய உடம்பு இரண்டு காலில் எவ்வளவு நேரம் நிற்கும்? தடாலென்று விழுந்தது. பக்கத்தில் இருந்த மூன்று முயல்கள் மிரண்டு ஓடி, அன்றைக்கு வேலைக்குத் திரும்பவே இல்லை.

வீராயி எழுந்து மண்ணை உதறிவிட்டு மூன்றாவது வித்தைக்கு வந்தது.

"பரஞ்சோதி, உன் மீசை ரொம்ப அழகு! நீ போட்ட மண்ணு சரியில்ல, எல்லாத்தையும் எடுத்துட்டுத் திரும்பப் போடு! உன் வாலும் ரொம்ப அழகு!"

பரஞ்சோதிக்கு ஒன்றுமே புரியவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே மண்ணை எடுக்கப் போனது.

அடுத்தது முள்ளம்பன்றி மாசிலாமணி.

"மாசிலாமணி! உன் முள்ளு ஒவ்வொண்ணும் என்ன நேர்த்தி! நேத்து நீ வேலை நேரத்துல தூங்குனே! ஆனாலும் அந்த முள்ளு இருக்கே, அடடா!"

நாலே நாளில் காட்டுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீராயி புகழ ஆரம்பித்தால் ஊசி பின்னாலேயே வருகிறது! எட்டத்தில் "உன் காது எவ்வளவு அழகு" என்று குரல் கேட்டாலே மான்கள் தாவி மறைந்தன.

"அக்கா பாராட்டிக்கிட்டே வருது! ஓடு, ஓடு!" என்று காட்டுக்கோழி முன்கூட்டியே தண்டோரா போட்டது.

"முன்னாடி திட்டும். திட்டு முடிஞ்சா நிம்மதியாத் தூங்கலாம்," என்று புலம்பியது மாசிலாமணி. "இப்ப என் முள்ளு நல்லாருக்குன்னு யாராவது சொன்னாலே எனக்கு அன்னிக்குத் தூக்கம் போச்சு!"

இது எதுவும் வீராயிக்குத் தெரியாது. யார் போய்ச் சொல்வது?

கரையின் நடுப்பகுதியில் ஒரே ஒரு வால் நீளத்துக்குச் சொந்தக்காரன் நண்டு சடையன். மாலையில் "என் பங்கு கெட்டி!" என்று கத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. சடையனின் வீடு அந்தக் கரைக்குள்தான். அதன் மனைவி மயிலா வயிற்றடியில் முட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வரப் போகின்றனவே என்று சடையன் வளையில் இன்னொரு அறை தோண்டியது. தோண்டத் தோண்டச் சந்தோஷம். சந்தோஷத்தில் எவ்வளவு தூரம் தோண்டினோம் என்று பார்க்கவில்லை. ஒருநாள் மதியம் கொடுக்கால் குத்தியதும் உள்ளே பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

சடையன் கொடுக்கைச் சட்டென்று இழுத்துக்கொண்டது. வளை கரையின் மறுபக்கம் திறந்துகொண்டுவிட்டது! குளத்தில் தண்ணீர் ஏறினால் நேராக இந்த வழியாகத்தான் வெளியே பாயும். கரைக்குள்ளே காட்டின் எமன் குடியிருக்கிறான். அவன் வீட்டுக்கு வாசற்படி கட்டியது தான்தான்!

ஈர மண்ணும் இலையும் வைத்து அடைத்துப் பார்த்தது. மறுநாளே பிதுங்கிக்கொண்டு வந்தது. திரும்ப அடைத்தது.

"போய்ச் சொல்லிடுங்க," என்றது மயிலா.

"எப்படிச் சொல்றது? பரஞ்சோதி வெறும் ஈரம்னு சொன்னதுக்கே ஊரைக் கூட்டிச் சிரிச்சாங்க. நான் கரையையே ஓட்டை போட்டிருக்கேன். நம்மளை இந்தக் காட்டுல இருக்க விடுவாங்களா? முட்டையைத் தூக்கிக்கிட்டு எங்க போவே?"

மயிலா முட்டைகளைக் காலால் அணைத்துக்கொண்டது. அதற்கும் பயம்தான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு காலை, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, கொடுக்குகளை ஒடுக்கிக்கொண்டு வீராயியைத் தேடிப் போனது சடையன்.

சடையன் தானாகவே வருவதைப் பார்த்ததும் வீராயிக்கு ஒரே குஷி! இத்தனை நாளில் யாரும் அதைத் தேடி வந்ததே இல்லை.

"சடையா! சடையா! சடையா!"

சடையன் பக்கவாட்டில் ஊர்ந்து வந்தது. உடனே வீராயியும் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. பக்கவாட்டில் நடக்கும் காட்டெருமையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காமல் இருப்பதே நல்லது. நாலு எட்டு வைப்பதற்குள் கால்கள் பின்னிக்கொண்டு, அலமேலுவின் பங்கில் ஒரு மூலை சரிந்தது.

"சடையா, உன் கொடுக்கு என்ன அழகு!" என்றது வீராயி, மூச்சு வாங்கிக்கொண்டே. "உன்னை மாதிரி உழைப்பாளி இந்தக் கரையிலேயே கிடையாது!"

சடையன் ஓரடி பின்னால் நகர்ந்தது. 'தெரிஞ்சுபோச்சு! அக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு! பழம் வந்துடுச்சு, அடுத்தது ஊசி!'

"உன் பங்குதான் எல்லாத்தையும்விடக் கெட்டி!"

அவ்வளவுதான்! சடையன் விட்ட ஓட்டத்தில் புழுதிதான் மிஞ்சியது.

வீராயி திகைத்து நின்றது. அன்றைக்கு அதன் மனசில் ஊசியே இல்லை. சடையனின் பங்குதான் நல்ல பங்கு என்று அது மெய்யாகவே நம்பியது. மெய்யாகப் பாராட்டிய முதல் பாராட்டு அது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"சொக்கா, மூணு வித்தையும் ஒழுங்காச் செஞ்சேனே! ஏன் ஓடுது?"

"இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கணும்," என்றது சொக்கன், கொய்யாவைக் கொறித்துக்கொண்டே. "பல்லு தெரியுற மாதிரி!"

அதற்கு இரண்டாம் நாள் காலையிலேயே வானம் கறுத்தது. கறுத்ததும் கொட்டியது. குளத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறியது.

மதியத்துக்குள் அலமேலு கரையின் மறுபக்கத்திலிருந்து அலறிக்கொண்டு வந்தது.

"அக்கா! கரைக்கு வெளியே தண்ணி வருது! தெளிஞ்ச தண்ணி இல்ல, கலங்கல்!"

கரை வேலை தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொல் போதும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால், உள்ளே இருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். கரை உள்ளுக்குள் கரைகிறது!

எல்லாம் மழையில் ஓடின. கலங்கல் தண்ணீர் பீறிட்ட இடம் பரஞ்சோதியின் பங்குக்கு நேர் கீழே இருந்தது.

"பரஞ்சோதி! உன் பங்குலதான் வருது!" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கிளம்பின.

"சத்தியமா இல்ல! எடுத்துட்டுத் திரும்பப் போட்ட மண்ணு! என் பங்கு கெட்டி!" என்று அழாத குறையாகக் கத்தியது பரஞ்சோதி.

"அங்கேயே தோண்டிப் பாத்துடலாம்!" என்றது ஒரு மான்.

"தோண்டினா கரை இன்னும் இளகிடும்," என்றது அலமேலு. "தண்ணி எங்க உள்ளே நுழையுதுன்னு தெரியணும். அங்கதான் அடைக்கணும்."

வீராயி எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டது.

"எங்க ஓட்டை? யார் பங்குல?"

"என் பங்கு கெட்டி!" என்றது மாசிலாமணி.

"என் பங்கும் கெட்டி!"

"எனக்கும் கெட்டிதான்!"

மழைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு ஒவ்வொன்றும் கத்தியது. எல்லாவற்றிலும் பெரிய குரல் சடையனுடையது. கரையோ கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது.

"அக்கா! பேரைச் சொல்லுங்க! பேரைச் சொல்லி, சிரிச்சு…" என்று நனைந்த சிறகோடு கிளையிலிருந்து கூவியது சொக்கன்.

"நீ கொஞ்ச நேரம் கொய்யாவைத் தின்னு!" என்றது வீராயி.

பிறகு அது கத்தவில்லை. சிரிக்கவும் இல்லை. யார் எப்படி நிற்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே சொல்லை இவ்வளவு சத்தமாகக் கத்துவது அதற்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

"போன வருஷம் கரை எங்க உடைஞ்சுது?" என்று கேட்டது.

"பெரிய ஆலமரத்துக்கு எதிர்ல," என்றது மாசிலாமணி. "மழை தாங்காம உடைஞ்சுது."

"மழை உடைக்கல. நான் உடைச்சேன்."

"நான் தண்ணி குடிக்க இறங்குற தடம் அது. சுத்திப் போகச் சோம்பல்பட்டு, தினமும் அதே இடத்துல கரைமேல ஏறி இறங்கினேன். பள்ளம் விழுந்துடுச்சு. மழைக்கு முன்னாடியே பாத்துட்டேன். சொன்னா என் முகத்துல காறித் துப்புவீங்கன்னு பயம். அன்னிக்குச் சாயங்காலம் 'என் பங்கு கெட்டி'ன்னு எல்லாரையும்விடச் சத்தமாக் கத்தினேன். உடைஞ்சப்புறம் பழியை மழைமேல போட்டேன். இந்த வருஷம் நான் உங்களைத் திட்டினதெல்லாம்கூட அந்தப் பயத்துலதான். யாராச்சும் ஓட்டையைத் தேட ஆரம்பிச்சா, பழைய ஓட்டையும் தெரிஞ்சிடுமோன்னு."

மாசிலாமணியின் முட்கள் மொத்தமும் விறைத்து நின்றன. ஆற்றுக்கு நடந்து திரும்பாதவற்றில் அதன் தம்பியும் ஒன்று.

"அன்னிக்கே சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தது மாசிலாமணி.

"ஆமா," என்றது வீராயி. "உன் தம்பி இருந்திருப்பான். அதுக்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது மாசிலாமணி."

இந்த முறை பேரை ஒரே ஒரு தடவைதான் சொன்னது.

மாசிலாமணியின் முட்கள் மெல்லப் படிந்தன.

"என் ஏழு வால்ல நடுவுல ரெண்டு வாலை நான் மிதிக்கவே இல்ல," என்றது தரையைப் பார்த்தபடி. "மேட்டுல ஏற முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"என் பங்குல அடியில வெறும் சருகுதான். மேலதான் மண்ணு," என்றது ஒரு முயல்.

"நான் போட்டதும் மணல். களிமண் இல்ல," என்றது காட்டுக்கோழி.

ஒவ்வொன்றாக வந்தன குறைகள். அவற்றில் எதுவும் இந்தக் கலங்கல் தண்ணீருக்குக் காரணம் இல்லை.

அப்போதுதான் கூட்டத்தின் காலடியிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சடையன் மெல்லப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அக்கா… ஓட்டை என் வீடுதான்."

கூட்டம் அப்படியே திரும்பியது.

"அறை தோண்டினேன். மறுபக்கம் திறந்துக்கிச்சு. தண்ணி என் பங்குல நுழைஞ்சு, சாய்வா ஓடிப் பரஞ்சோதி பங்குல வெளியே வருது."

நண்டு எதைத்தான் நேராகச் செய்திருக்கிறது, வளையை மட்டும் நேராகத் தோண்ட!

"அடப்பாவி!" என்று சீறியது பரஞ்சோதி. "முதல்ல வந்த ஈரமும் உன்னோடதுதானா? அதுக்கு நான் வாங்கின ஏச்சைப் பாத்துக்கிட்டுத்தானே நின்னே! நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"விரட்டுங்க இவனை!" என்றது ஒரு மான்.

எல்லாம் வீராயியைப் பார்த்தன. வீராயியின் மூக்குத் துவாரங்கள் விரிந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை நாள் உழைப்பும் ஒரு நண்டு வளையால் போகிறதே என்று உள்ளே கொதித்தது. எதிர்மலைக் குரங்குக்குக் கேட்கும்படி ஒரு கத்து தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

வீராயி அதை விழுங்கியது. தண்ணீரே குடிக்காமல் ஒரு மூட்டை வைக்கோலை விழுங்குவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"சடையா, வீட்டுக்குள்ள யார் இருக்காங்க?"

சடையன் வேறு என்னென்னவோ கேள்விகளுக்குத் தயாராக வந்திருந்தது.

"மயிலா… முட்டையோட இருக்கு. மேல் அறையில."

"முதல்ல அவளைக் கூட்டிக்கிட்டு வா. அலமேலு, நீ கூடப் போ. அப்புறம் எங்க அடைக்கணும்னு நீ சொல்லு, நாங்க செய்றோம்."

சடையனுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மயிலா வெளியே வந்ததும் வேலை பறந்தது! அந்த வளையின் ஒவ்வொரு திருப்பமும் சடையனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் சடையனே உள்ளே இறங்கியது. மறுமுனையிலிருந்து ஆரம்பித்து, களிமண்ணை அடைத்துக்கொண்டே பின்னால் பின்னால் வந்தது. அலமேலு குளத்தடியில் முங்கி முங்கிக் களிமண் எடுத்து வளைக்குள் தள்ளியது. பரஞ்சோதி கரைமேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டது.

"டக் டக் சத்தம் கேக்குது! இப்ப இங்க இருக்கான்! இந்த இடம் அடைச்சாச்சு, மிதிங்க!"

அது காட்டிய இடத்தில் எல்லாம் வீராயி ஏறி மிதித்தது. மாசிலாமணியால் மேட்டில் ஏற முடியவில்லை அல்லவா? அது கீழே நின்று காலால் மண்ணைப் பறித்துத் தள்ள, அது மிதிக்காமல் விட்ட இரண்டு வால் நீளத்தையும் மான்கள் மிதித்தன. முயல்கள் தாங்கள் போட்ட சருகைத் தாங்களே அள்ளி எறிந்துவிட்டு மண் சுமந்தன.

கடைசியாகச் சடையன் குளத்துப் பக்கம் வெளியே வந்தது. தான் கட்டிய வீட்டின் வாசலைத் தானே அடைத்து, கொடுக்கால் தட்டிச் சமன் செய்தது.

மறுபக்கம் ஓடிய காட்டுக்கோழி தண்டோரா போட்டது.

"கலங்கல் நின்னுபோச்சு! நின்னுபோச்சு!"

மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. குளம் விளிம்பு வரை நிரம்பியது. கரை அசையவில்லை.

நாலாம் நாள் வெயில் வந்ததும், கரையை விட்டு நூறு வால் தள்ளி இருந்த ஈரமேட்டில் வீராயி தன் குளம்பால் ஒரு குழி பறித்துக் கொடுத்தது. சடையன் அதில் வளை தோண்டியது. எத்தனை அறை வேண்டுமானாலும் தோண்டலாம்! பரஞ்சோதி மட்டும் ஒரு வாரம் அதனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் "உள்ள எத்தனை அறை?" என்று கேட்டது. அத்தோடு சரியாகப் போயிற்று. மாசிலாமணி வீராயியை மன்னித்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் வேலைக்கு வந்தது.

"சொக்கா, அன்னிக்கு அக்கா செஞ்சதை எல்லாம் உன் வகுப்புல சொல்லித் தரலையா?" என்று கேட்டது அலமேலு.

சொக்கன் தலையைச் சொறிந்தது.

"சொன்னாங்க, சொன்னாங்க! வித்தையெல்லாம் முதல் நாள் பாடம். இது நாலாம் நாள் பாடம். அன்னிக்குன்னு பாத்து நான் தூங்கிட்டேன்!"

அடுத்த வேலைநாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றும் பழக்கத்தில் தன் பங்கின்மேல் ஏறி நின்றது. முதல் குரல் கொடுக்க வேண்டிய முயல் வாயைத் திறப்பதற்குள் வீராயி முந்திக்கொண்டது.

"இன்னிக்கு நான் ஆரம்பிக்கிறேன். மூலைத் திருப்பத்துல என் குளம்பு பட்டு மண்ணு பேந்திருக்கு. நான் சரி பண்ணணும், கைகொடுக்க ஒரு ஆள் வேணும். அடுத்தது யாரு?"

முயல் தொண்டையைச் செருமியது. "என் பங்குல ஒரு எலி வளை மாதிரி இருக்குக்கா. சரியாத் தெரியல." "நாளைக்குக் காலையில சேர்ந்து பாப்போம்," என்றது வீராயி. அதற்கடுத்த குரல் கிளம்பியது, அதற்கடுத்தது. அன்று முதல் அந்தக் காட்டில் யாரும் கெட்டி என்று கத்தவில்லை. கரையும் அதன்பின் எந்த வருஷமும் உடையவில்லை.

தன் தவறைத் தானே முதலில் சொல்லி, பிறர் தங்கள் தவறைச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்கும் தலைவரிடம்தான் உண்மை உரிய நேரத்தில் வந்து சேரும்.